முடியாத பகுதி யார் தலையில் விடியும்?

கேள்வி:

வணக்கம் ஐயா. செங்காங்கில் வசிக்கிறேன். பிள்ளைகளுக்கான தமிழ் வாசிப்புப் பக்கங்களைத் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். ஒலிப்பதிவு ஓட ஓட, வாசிக்கப்படும் சொல் திரையில் ஒளிரும் அல்லவா? அதற்கு எல்லா உலாவிகளுக்கும் பொதுவான ஒரு வடிவத்தை உருவாக்கும் அனைத்துலகக் குழுவில் சில ஆண்டுகளாக உறுப்பினர். தொகுப்பாசிரியர்களில் நானும் ஒருத்தி. அமைப்பின் பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம்.

குழுவுக்குக் கொடுத்த காலம் டிசம்பரோடு முடிகிறது. ஸ்பெக்கில், அதாவது அந்த வடிவத்தை வரையறுக்கும் ஆவணத்தில், பெரும்பகுதி தயார். ஒரு பகுதிதான் இழுபறியில் இருக்கிறது. ஒரு சொல் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எப்படி எண்ணுவது என்று சொல்ல வேண்டிய பகுதி அது. அங்கே ‘பின்னர் வரையறுக்கப்படும்’ என்று ஒரு வரி மட்டும் நிற்கிறது. தலைவர், இதை இப்படியே இறுதித் தரமாக வெளியிட்டுவிடுவோம், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இன்னொருவர், எதையுமே முறைப்படி வெளியிட வேண்டாம், நாள்தோறும் திருத்திக்கொண்டே போகும் ஆவணமாக விட்டுவிடலாம் என்கிறார். என் மேலாளருக்கோ ஏலக்குத்தகை ஆவணத்தில் ‘அனைத்துலகத் தரம்’ என்ற சொல் வேண்டும். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. ஆம் என்பதா, இல்லை என்பதா?

பதில்:

அன்புள்ள செங்காங் வாசகிக்கு,

வணக்கம். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இறுதித் தரம் என்ற பெயரில் இப்போது வெளியிடுவதற்கு ‘இல்லை’ என்றே வாக்களியுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். இழுபறியில் உள்ள பகுதியை வெட்டியெடுத்துத் தனி வரைவாக வைத்துவிட்டு, மற்றதைக் கேண்டிடேட் நிலையில் (இறுதிக்கு முந்தைய, செயல்படுத்திச் சோதிக்கும் படியில்) தேதி போட்டு முறைப்படி வெளியிட வேண்டும் என்று ஒரு மாற்றுத் தீர்மானத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். வெறும் ‘இல்லை’ சொல்பவரைக் குழு முட்டுக்கட்டையாகத்தான் பார்க்கும். கையில் வாசகத்தோடு வருபவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

ஒரு ஸ்பெக் தொண்ணூறு விழுக்காடு முடிந்துவிட்டது என்று சொல்வார்கள். மீதிப் பத்து எந்தப் பகுதியில் கிடக்கிறது, அது யார் தலையில் விடியப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளியிடலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய எனக்குத் தெரிந்த முதல் கேள்வி இதுதான். உங்கள் விஷயத்தில் அது தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளையின் தலையில் விடிகிறது. எப்படி என்று குழுவில் உள்ளவர்களுக்குக் காட்ட நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒரே ஒரு சொல் போதும்.

‘கொடி’ என்று எழுதுங்கள். பிள்ளையின் கண்ணுக்கு இரண்டு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அது க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்று நான்கு குறியெண்கள். ஆனால் அந்த ஒகரக் குறியை எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்துச் சேமிக்கவும் யூனிகோட் இடம் தருகிறது. இரண்டும் ஒன்றே என்றுதான் அதன் விதி. அப்படிச் சேமித்தால் ஐந்து. கோப்புகளில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் பைட்டாக எண்ணினால் முதல் வடிவம் 12, பிரித்த வடிவம் 15. இனி நிரல் மொழிகளைப் பாருங்கள். சேர்ந்த வடிவத்தைக் கொடுத்து நீளம் கேட்டால் ஜாவாஸ்கிரிப்டும் பைதானும் 4 என்று சொல்லும். ஸ்விஃப்ட் 2 என்று சொல்லும். கோ மொழி 12 என்று சொல்லும். எதுவும் தப்பு இல்லை. ஒவ்வொன்றும் வேறு ஒன்றை எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஸ்பெக்கில் ‘இந்தச் சொல் 37ஆவது இடத்தில் தொடங்குகிறது’ என்று கோப்பில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதை எண்ணி 37? ‘பின்னர் வரையறுக்கப்படும்’. ஒரு நிறுவனம் குறியெண்ணை எண்ணும், இன்னொன்று கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும். முதல் வரியில் சற்றுப் பிசகும். பத்தி முடிவதற்குள் ஆசிரியர் ‘மரம்’ என்று வாசிக்கும்போது திரையில் அதற்கு அடுத்தடுத்த சொல் ஒளிரும். ஒளிரும் எல்லை எழுத்தின் நடுவிலேயே விழுந்தால், க தனியாகவும் கொம்பும் காலும் புள்ளி வட்டத்தைச் சுற்றிக்கொண்டும் தெரியும் கோலத்தையும் சில மென்பொருள்களில் பார்க்கலாம். வாசிக்கவே தயங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு உதவ வந்த கருவி, அந்தப் பிள்ளையைக் குழப்பிவிட்டுப் போகும்.

குழுவில் மற்றவர்களுக்கு இது ஏன் சின்ன விஷயமாகத் தெரிகிறது என்றால், கொடிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை எப்படி எண்ணினாலும் நான்குதான். எழுத்தும் நான்கு, குறியெண்ணும் நான்கு, பைட்டும் நான்கு. அவர்களுடைய சோதனைக் கோப்புகள் எல்லாம் பச்சை விளக்கு காட்டியிருக்கும். ‘பின்னர்’ என்று சொல்வதில் அவர்களுக்குச் செலவே இல்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. மேசையில் உட்கார்ந்திருப்பவர்களைச் சுடாத பகுதிதான் எப்போதும் கடைசியில் மிஞ்சும். அந்த மேசையில் இந்தச் சூட்டை உணரக்கூடியவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். அதனால்தான் உங்கள் வாக்கு பெரிது.

இது நமக்கு முன்பே ஒரு முறை நடந்திருக்கிறது. வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் 2, வலைத் தரங்களை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பின் முழுப் பரிந்துரையாக (இறுதித் தரத்துக்கு அங்கே அதுதான் பெயர்) 1998 மே மாதம் வெளிவந்தது. பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வழிசெய்யும் ‘ஃபான்ட்-ஃபேஸ்’ விதி அதில் இருந்தது. ஆனால் எந்த வடிவத்தில் எழுத்துருக் கோப்பு இருக்க வேண்டும், எதை எல்லா உலாவியும் கட்டாயம் ஏற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்புளோரர் ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. நெட்ஸ்கேப், பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் இன்னொரு வடிவத்தோடு போனது. ஆங்கிலப் பக்கத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. எல்லாக் கணினியிலும் ஆங்கில எழுத்துரு இருந்தது. அடிபட்டது நம்மைப் போன்றவர்கள்தான்.

அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். 1997 மே மாதம் இதே சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாட்டில் பேச வேண்டியிருந்ததே இதுபோன்ற சிக்கல்களைத்தான். ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியாக்கம். ‘முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்ற பெட்டி இல்லாத தமிழ்ப் பக்கம் அரிது. அடுத்த ஆண்டு வெளியான ஒரு ‘முடிந்த’ தரத்தில் தீர்வின் பெயர் இருந்தது, தீர்வு இல்லை. பின்னர் சிஎஸ்எஸ் 2.1 அந்த விதியையே நீக்கிவிட்டது. அந்தப் பதிப்பு பரிந்துரையாக வர 2011 ஜூன் ஆயிற்று. சஃபாரி 2008இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2009இலும் சாதாரண எழுத்துருக் கோப்பை ஏற்கத் தொடங்கின. எல்லா உலாவிக்கும் பொதுவான வோஃப் என்ற எழுத்துரு வடிவம் பரிந்துரையானது 2012 டிசம்பரில். 1998இலிருந்து எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு துளையை அப்போதே ஒத்துக்கொண்டு, ‘எழுத்துரு வடிவம் முடிவாகவில்லை, ஆகவே இந்தப் பகுதியைத் தரமாக நினைக்காதீர்கள்’ என்று அட்டையிலேயே எழுதியிருந்தால் அந்தச் சிக்கல் மறைந்துபோயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தீர்க்கப்படாத சிக்கல் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தீர்ந்துவிட்டதாகப் பெயர் எடுத்த சிக்கலுக்கு ஆளும் நேரமும் ஒதுக்க எந்த மேலாளரும் சம்மதிப்பதில்லை.

உங்கள் தலைவர் சொல்லும் ‘அடுத்த பதிப்பு’க்கு வருவோம். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இறுதி என்று பெயர் வைத்த மறுநாளே ஆட்கள் கலைந்துவிடுவார்கள். நிறுவனங்கள் அவர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடும். அதைவிட முக்கியமாக, நடுவில் புழக்கம் ஒரு பக்கமாக இறுகிவிடும். தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளுக்கு, ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 1997 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2109 என்ற தரம் வந்தது. உலாவிகள் நடைமுறையில் செய்துகொண்டிருந்தது வேறு. 2000இல் அதைத் திருத்தி ஆர்எஃப்சி 2965 வந்தது. உலாவிகள் அதையும் பின்பற்றவில்லை. கடைசியில் 2011 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6265, உலாவிகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்து எழுதியது. தரம் எழுதுபவர்கள் நடைமுறையைத் திருத்தவில்லை, நடைமுறைதான் தரத்தைத் திருத்தியது. உங்கள் எண்ணும் முறையிலும் இதே நடக்கும். எந்த நிறுவனம் முதலில் பெரிய அளவில் சந்தைக்கு வருகிறதோ அதன் பழக்கம்தான் ‘அடுத்த பதிப்பு’. அது தமிழைப் பார்த்துச் செய்ததாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் வெளியிடாமலே வைத்திருப்பது பாதுகாப்பா என்றால், அதுவும் இல்லை. தேடுபொறிகளின் நிரல்கள் ஒரு தளத்தில் எங்கெல்லாம் நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்தது. உலகமே பயன்படுத்தியது. ஆனால் முறையான தரமாக, ஆர்எஃப்சி 9309 ஆக, அது வெளிவந்தது 2022 செப்டம்பரில். அதுவரை ஒரு கோப்பை எவ்வளவு நீளம் வரை படிக்க வேண்டும் என்பதுகூட ஆளுக்கொரு கணக்கு. குறைந்தது 500 கிபிபைட்டாவது (ஒரு கிபிபைட் 1,024 பைட்) படிக்க வேண்டும் என்று அந்த ஆவணம்தான் எழுதி வைத்தது. இத்தனைக்கும் அது மிக எளிய ஒரு கோப்பு.

வெளியிடாததில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறு நிறுவனத்தில் இருப்பவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அது காப்புரிமை. டபிள்யூ3சி-யில் ஒரு ஆவணம் பரிந்துரையாகும்போது, அந்தக் குழுவில் இருந்த நிறுவனங்கள் அதைச் செயல்படுத்தத் தேவையான தங்கள் காப்புரிமைகளை ராயல்டி இல்லாமல் வழங்கக் கட்டுப்படுகின்றன. 2020இல் விதியைத் திருத்தி, கேண்டிடேட் நிலையில் வெளியாகும் பதிப்புக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்படி செய்தார்கள். வெறும் வரைவுக்கு அது முழுதாகக் கிடையாது. வேலையை நிறுத்திவிட்டுக் குறிப்பாக வெளியிடும் ஆவணத்துக்கும் கிடையாது. உங்கள் அமைப்பின் விதி என்னவென்று அதன் காப்புரிமைக் கொள்கையை எடுத்து ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு இதைப் பார்க்கத் தனி வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு நீங்கள்தான். கேண்டிடேட் நிலையை நான் வற்புறுத்துவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எப்போதும் திருத்திக்கொண்டே போகும் ஆவணம் என்று சொன்னவர், வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எச்டிஎம்எல் இன்று அப்படித்தான் நடக்கிறது. 2019இல் டபிள்யூ3சி-யும் அந்தப் பொறுப்பை உலாவி நிறுவனங்களின் வாட்டபிள்யூஜி குழுவிடமே விட்டுவிட ஒப்புக்கொண்டது. ஆனால் அங்கே பின்னணியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உலாவிகளை எழுதுகிறவர்களே அன்றாடம் அந்த மேசையில் இருக்கிறார்கள். ஒரு மாற்றம் உள்ளே போக வேண்டுமானால் செயல்படுத்துவோர் குறைந்தது இருவருடைய ஆதரவு வேண்டும், சோதனைகள் எழுதப்பட வேண்டும். அதற்கும் மேல், காப்புரிமைக்காக அவர்களும் அவ்வப்போது ஒரு பதிப்பை உறைய வைத்துத் தேதியோடு வெளியிடத்தான் செய்கிறார்கள். உங்கள் குழுவில் டிசம்பருக்குப் பிறகு அன்றாடம் திருத்த யார் இருப்பார்கள்? பெயர் சொல்லச் சொல்லுங்கள். பெயர் வரவில்லை என்றால், அந்த ஆவணம் உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும், அவ்வளவுதான்.

முடியாத ஒன்றை முறைப்படி வெளியிடுவது கௌரவக் குறைவு என்று உங்கள் குழுவில் யாராவது நினைத்தால், நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கொடுங்கள். சிங்கப்பூர்த் தரம் என்பதற்கு முன்படியாக டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் என்று ஒரு வகையே இங்கு இருக்கிறது. தொழில்துறைக்கு அவசரத் தேவை, ஆனால் அனுபவம் போதவில்லை என்ற நிலையில், முழு ஒப்புதல் நடைமுறைக்கும் காத்திராமல் அதை வெளியிடுகிறார்கள். சில காலம் புழக்கத்தில் விட்டுப் பார்த்து, தேறினால் முழுத் தரமாக்கலாம், இன்னும் சோதிக்கலாம், அல்லது திரும்பப் பெறலாம். தானியக்க வாகனங்களுக்கான டிஆர் 68 அப்படித்தான் 2019 ஜனவரியில் வந்தது. வாகனம் சாலையில் நடந்துகொள்ளும் விதம், பாதுகாப்பு, இணையப் பாதுகாப்பு, தரவு வடிவம் என்று நான்கு பகுதிகள். தற்காலிகத் தரம் என்று சொல்லியே வெளியிட்டார்கள். பிறகு திருத்தவும் செய்தார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி விஷயத்தில் ‘இது தற்காலிகம்’ என்று சொல்ல ஒரு நாடு கூச்சப்படவில்லை.

இணையத்திலும் மூத்த எடுத்துக்காட்டு உண்டு. உலாவியும் தளமும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபி 1.0 வெளியான ஆர்எஃப்சி 1945, 1996 மே மாதத்தது. அது தரம் என்ற வகையில் வரவே இல்லை. தகவலுக்காக என்ற வகையில், அப்போது பொதுவாக எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பதிவு செய்யும் ஆவணமாக வந்தது. தரமாக வேண்டியது எச்டிடிபி 1.1 என்று அதை அடுத்த ஜனவரியில் தனியே கொண்டுவந்தார்கள். வலையே அந்தத் தகவல் ஆவணத்தின் மேல் ஓடியது. பெயர் சிறிதாக இருந்ததால் யாரும் அதைப் படிக்காமல் விடவில்லை.

சரி, எப்படி வெட்டுவது? 2012இல் எச்டிஎம்எல்5 இதே இடத்தில்தான் நின்றது. முடிந்ததும் முடியாததும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நிலையாக இல்லாதவற்றை 5.1க்குத் தள்ளிவிட்டு 5.0ஐ 2014க்குள் முடிப்பது என்று திட்டம் போட்டார்கள். சொன்னபடி 2014 அக்டோபர் 28 அன்று அது பரிந்துரையானது. வெட்டியதில் சிலருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் வெளிவந்ததை நம்பி வேலை செய்ய முடிந்தது.

உங்கள் ஸ்பெக்கில் வெட்டு எங்கே விழ வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். சொல்லின் இடத்தை எண்ணால் குறிக்காமலே உங்கள் வேலையில் பெரும்பகுதி நடக்கும். பக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் ஒரு தனிக் கூறாகச் சுற்றி, அதற்கு ஓர் அடையாளப் பெயர் கொடுத்துவிடுங்கள். ஒலியின் இந்த விநாடி முதல் அந்த விநாடி வரை இந்த அடையாளப் பெயர் என்று இணைத்தால் போதும். இபப் 3 மின்னூல்களில் ஒலி இணைப்பு 2011இலிருந்தே இந்த வழியில்தான் நடக்கிறது. கோப்பு சற்றுப் பருக்கும், கையால் எழுதுபவருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் எதையும் எண்ண வேண்டியதில்லை. எழுத்து சேர்ந்திருந்தாலும் பிரிந்திருந்தாலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே விதி. இதை மையப் பகுதியாக வைத்து வெளியிடுங்கள். எண்ணால் இடம் குறிக்கும் முறையைத் தனி ஆவணமாக, வரைவு என்ற பெயரிலேயே, தொடரட்டும். அதில் குறியெண்ணா கண்ணுக்குத் தெரியும் எழுத்தா, எண்ணும் முன் உரையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டுமா வேண்டாமா என்று நிதானமாகச் சண்டை போடுங்கள். அது போட வேண்டிய சண்டைதான்.

வெட்டிய பிறகு ஒரு நாள் உட்கார்ந்து முழு ஆவணத்தையும் தேடிப் பாருங்கள். நீக்கிய பகுதியைச் சுட்டும் வரி வேறு எங்காவது ஒளிந்திருக்கும். பிழைச் செய்திகளை விளக்கும் பகுதியில் இருக்கலாம், எடுத்துக்காட்டுகளில் இருக்கலாம். நான் பார்த்தவரை எடுத்துக்காட்டுகள்தான் மிக ஆபத்தானவை. விதியை யாரும் படிப்பதில்லை, எடுத்துக்காட்டை அப்படியே பிரதி எடுத்து ஒட்டுகிறார்கள்.

மையப் பகுதியில் இன்னும் ஐயம் உள்ள கூறுகள் இருந்தால் அவற்றை நீக்க வேண்டியதில்லை. கேண்டிடேட் நிலையில் ‘நீக்கப்படக்கூடும்’ என்று குறிக்கும் வழக்கம் டபிள்யூ3சி-யில் உண்டு. அப்படிக் குறித்த கூறு தேறாவிட்டால், முழு ஆவணத்தையும் பழைய படிக்கு இறக்காமல் அதை மட்டும் எடுத்துவிடலாம். உங்கள் அமைப்பில் இதற்கு என்ன பெயர் என்று பாருங்கள்.

இரண்டு நிறுவனங்கள் செயல்படுத்திவிட்டன என்று குழுவில் சொல்லியிருப்பார்கள். அவை உண்மையிலேயே தனித்தனியா என்று விசாரியுங்கள். உலாவிக்குள் தரவுத்தளம் வைக்கும் வெப் எஸ்க்யூஎல் என்ற ஸ்பெக்கை 2010 நவம்பரில் டபிள்யூ3சி நிறுத்தியது இதனால்தான். செயல்படுத்திய எல்லோரும் உள்ளே எஸ்க்யூலைட் என்ற ஒரே மென்பொருளை வைத்திருந்தார்கள். ஸ்பெக்கைப் படித்து இருவர் ஒரே முடிவுக்கு வந்தார்களா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் போயிற்று. உங்கள் இரண்டு பேரும் திறந்த மூல நூலகம் ஒன்றையே எடுத்துப் போட்டிருந்தால், கணக்கில் அது ஒன்றுதான்.

அட்டைப் பக்கத்தில் நிலை பற்றி எழுதும் பத்தியை வேறு யாரிடமும் விடாதீர்கள், நீங்களே எழுதுங்கள். இப்படி இருக்கலாம்: ‘இந்த ஆவணம் கேண்டிடேட் நிலையில் உள்ளது. ஒலியையும் பக்கக் கூறுகளையும் அடையாளப் பெயரால் இணைக்கும் முறையை மட்டும் இது வரையறுக்கிறது. உரைக்குள் எழுத்து இடத்தை எண்ணால் குறிக்கும் முறை இதில் இல்லை. அதில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. குறிப்பாக, கூட்டெழுத்தும் உயிர்க்குறியும் உள்ள மொழிகளில் எண்ணும் முறை முடிவாகவில்லை. அப்படி எண்களைப் பயன்படுத்தும் கோப்புகள் இந்த ஆவணத்துக்கு இணங்கியவை எனக் கருதப்படா.’ கடைசி வாக்கியத்துக்குத்தான் எதிர்ப்பு வரும். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உங்கள் மேலாளர் கேட்பதும் அநியாயம் இல்லை. ஏலக்குத்தகையில் போட்டியிடும் சிறு நிறுவனத்துக்கு ஒரு தரத்தின் பெயர் பெரிய பலம். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். ‘அனைத்துலகத் தரத்துக்கு இணங்குகிறது’ என்று மொட்டையாக எழுதி, நாளைக்கு ஒரு பள்ளி நம் கோப்பை வேறு நிறுவனத்தின் செயலியில் திறந்து, சொல் ஒன்று ஒளிர்வது ஒன்றாக இருந்தால், பதில் சொல்ல வேண்டியது தர அமைப்பு அல்ல, நாம்தான். அதற்குப் பதிலாக, ‘இன்ன தேதியிட்ட கேண்டிடேட் பதிப்பின் இன்ன பகுதிகளுக்கு எங்கள் மென்பொருள் இணங்குகிறது, சோதனை முடிவுகள் இணைப்பில் உள்ளன’ என்று எழுதுங்கள். தேதியும் பகுதி எண்ணும் சோதனை முடிவும் இருக்கும் ஒரு வரி, அதைப் படிக்கும் பொறியாளருக்கு வெறும் ‘அனைத்துலகத் தரம்’ என்பதைவிடக் கூடுதல் நம்பிக்கை தரும். அந்த ஆவணத்தின் தொகுப்பாசிரியர்களில் ஒருவர் எங்கள் ஊழியர் என்பதையும் அவர் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம், அது உண்மை.

இனி வேலை முறை. இந்தக் குழுக்களின் கூட்டங்கள் பெரும்பாலும் நம் நேரத்துக்கு இரவு பத்து, பதினொன்றுக்குத்தான் வரும். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, அவர்கள் காலை காப்பியோடு சுறுசுறுப்பாகப் பேசும்போது நாம் களைப்போடு எதிர்வாதம் செய்வது சரியான ஏற்பாடு இல்லை. ஆகவே உங்கள் ஆட்சேபத்தைக் கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். எந்தப் பகுதி, எந்த வரி, அதனால் என்ன உடைகிறது, மாற்றாக நீங்கள் தரும் வாசகம் என்ன. இவ்வளவு போதும். தமிழுக்காக மட்டும் பேசுவதாகத் தெரிய வேண்டாம். மலையாளத்திலும் வங்காளத்திலும் இப்படிப் பிரியும் உயிர்க்குறிகள் உண்டு. அந்த மொழிகளில் வேலை செய்பவர்கள் குழுவில் இருந்தால் அவர்களிடம் முன்பே பேசி, அவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மொழியிலிருந்து ஒரு சொல்லைச் சோதனைக் கோப்பில் சேர்த்தால் இன்னும் நல்லது.

தலைவரைத் தனியாக ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். டிசம்பர் கெடுதான் அவரை நெருக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை முடியும் தறுவாயில் இருக்கும் குழுவுக்குச் சில மாதம் நீட்டிப்புக் கேட்பது இந்தத் துறையில் வழக்கமான விஷயம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கேண்டிடேட் பதிப்புக்கு என்று குறிப்பிட்ட தேதியும், சோதனைகளை எழுதும் ஆட்களின் பெயரும் இருந்தால் நீட்டிப்புக்கான மனு வலுவாக இருக்கும். அந்த ஆட்களில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்பதால், வாரத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்க மேலாளரின் சம்மதத்தை வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு தலைவர் பழைய தீர்மானத்தையே வாக்குக்கு விட்டால், ‘இல்லை’ என்று பதிவு செய்து, அமைப்பின் விதிப்படி முறையான ஆட்சேபமாகவே அதைக் கொடுங்கள். முறையான ஆட்சேபத்துக்குக் காரணம் காட்டிப் பதில் தர வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை.